எஞ்சினைச் சூடாக்கிய மின்கம்பி: ஒரு குளிர்காலக் கருவியின் வரலாறு

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தில் 1936ஆம் ஆண்டு வெப்பநிலை இரு எல்லைகளைத் தொட்டது. பிப்ரவரி 15 அன்று பார்ஷல் என்னும் சிற்றூரில் அது உறைநிலைக்குக் கீழே 51 டிகிரி செல்சியசுக்கு இறங்கியது. ஜூலை 6 அன்று ஸ்டீல் என்னும் ஊரில் 49 டிகிரிக்கு ஏறியது. ஐந்து மாதம் நிறைவதற்குள் நூறு டிகிரி வேறுபாடு. அம்மாநிலத்தின் இந்த இரு உச்சங்களும் இன்றுவரை முறியடிக்கப்படவில்லை. இவற்றுக்கு இடைப்பட்ட மே மாதத்தில் வாஷிங்டனில் ஊரக மின்மயமாக்கல் சட்டம் நிறைவேறியது. அந்நிலத்துக் குளிர்காலத்தின் இயல்பை மாற்றியது எதுவென்று தேடினால், பதில் இந்தச் சட்டத்தில்தான் கிடைக்கிறது.

எஞ்சின் பிளாக் ஹீட்டர் என்பது மிக எளிய கருவி. வண்டி நின்றிருக்கும்போதே எஞ்சினின் வார்ப்பிரும்பு உடலையும் அதனுள் இருக்கும் நீரையும் மின்சாரத்தால் இளஞ்சூட்டில் வைத்திருப்பதே அதன் பணி. தொழில்நுட்ப வரலாற்று நூல்களில் அதற்கு ஓர் அடிக்குறிப்புக்கு மேல் இடம் கிடைப்பது அரிது. அதையும் ஒரு கண்டுபிடிப்பாளரின் பெயரோடும் ஒரு காப்புரிமை நாளோடும் முடித்துவிடுவர். ஆனால் அக்கருவி ஏன் அந்த இடத்தில், அந்த ஆண்டுகளில், அந்த மனிதரின் கையில் பிறந்தது என்னும் கேள்வியைப் பின்தொடர்ந்தால், அது ஒரு கருவியின் வரலாறாக நிற்பதில்லை. மின்கம்பி யார் வீட்டு வாசல்வரை வந்தது என்பதன் வரலாறாக விரிகிறது.

குளிர் எஞ்சினை மூன்று வழிகளில் தாக்குகிறது. முதலாவது, எஞ்சின் எண்ணெய் கெட்டிப்படுகிறது. தேன்பாகு போல் இறுகிய எண்ணெயைத் தள்ளிக்கொண்டு சுழல எஞ்சினுக்குப் பன்மடங்கு விசை தேவைப்படுகிறது. இரண்டாவது, அந்த விசையைத் தர வேண்டிய பேட்டரியே தளர்கிறது; உறைநிலைக்குக் கீழே 18 டிகிரியில் ஈய அமில பேட்டரி தன் இயல்பான திறனில் ஏறத்தாழப் பாதியையே தர வல்லது. தேவை கூடும் அதே நேரத்தில் வழங்கல் குறைகிறது. மூன்றாவது, எரிபொருள் எரிய மறுக்கிறது. பெட்ரோல் ஆவியானால்தான் தீப்பற்றும். கடுங்குளிரில் அது திரவமாகவே நின்றுவிடுகிறது. டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை அழுத்துவதால் பிறக்கும் சூட்டிலேயே எரிபொருள் பற்ற வேண்டும். அந்தச் சூட்டைக் குளிர்ந்த இரும்புச் சுவர்கள் உறிஞ்சிவிடுகின்றன. போதாக்குறைக்கு, டீசலில் கலந்திருக்கும் மெழுகு திரண்டு வடிகட்டியை அடைக்கிறது.

மின்சாரம் வருவதற்கு முன் இந்த மூன்று தடைகளையும் மனித உழைப்பே எதிர்கொண்டது. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேலாக உற்பத்தியான ஃபோர்டு மாடல் டி காரே புல்வெளி நிலத்து உழவரின் வண்டி. அதன் கியர் அமைப்பும் எஞ்சினும் ஒரே எண்ணெயில் மூழ்கியிருந்தன. குளிரில் அந்த எண்ணெய் இறுகி, கிளட்ச் தகடுகளை ஒன்றோடொன்று ஒட்ட வைத்துவிடும். முன்னால் நின்று கைப்பிடியைச் சுழற்றுபவர் மீதே வண்டி ஊர்ந்து வரும் ஆபத்து இதனால் உண்டு. எனவே பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தரையிலிருந்து தூக்கிய பிறகே பலர் எஞ்சினைச் சுழற்றினர். 1912இல் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் வந்தது. அது கையின் வேலையைக் குறைத்ததே தவிர, எண்ணெயின் இறுக்கத்தையோ பேட்டரியின் தளர்ச்சியையோ நீக்கவில்லை.

குளிர் இரவுகளில் ரேடியேட்டரிலிருந்து நீரை வடித்துவிட வேண்டும். மறந்தால் நீர் உறைந்து விரிந்து எஞ்சினின் வார்ப்பிரும்பையே பிளந்துவிடும். காலையில் வெந்நீர் காய்ச்சி ஊற்ற வேண்டும். எண்ணெயையும் வடித்து வீட்டுக்குள் எடுத்துச் சென்று அடுப்பருகே வைத்திருந்து, கிளம்பும் நேரத்தில் மீண்டும் ஊற்றுவோர் இருந்தனர். எஞ்சினின் அடியில் தணல் நிரம்பிய தட்டை வைத்தவர்களும் உண்டு. அதனால் எரிந்துபோன வண்டிகளும் கொட்டகைகளும் உண்டு. நீருடன் ஆல்கஹால் கலந்து உறையாமல் காத்தனர். ஆனால் எஞ்சின் சூடேறியதும் ஆல்கஹால் ஆவியாகிப் போய்விடும். 1927இல் எத்திலீன் கிளைக்கால் கொண்ட பிரெஸ்டோன் சந்தைக்கு வந்தபோது உறைதல் என்னும் ஒரு சிக்கல் தீர்ந்தது. எஞ்சின் வெடிக்காமல் காப்பதற்கும் அதை இயங்க வைப்பதற்கும் இடையிலான தொலைவு அப்படியே இருந்தது.

இந்தத் தொலைவின் கடுமையை விமானிகள் வேறொரு வகையில் அறிந்திருந்தனர். வடக்கு டகோட்டாவின் ஹேட்டன் என்னும் ஊரில் பிறந்த கார்ல் பென் ஐல்சன், 1924 பிப்ரவரியில் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸிலிருந்து மெக்ராத்துக்கு முதன்முதலாக விமானத்தில் தபால் கொண்டு சென்றார். அவருக்குப் பின் அலாஸ்காவின் உட்பகுதிகளில் பறந்த விமானிகளுக்கு நிலையான குளிர்கால நடைமுறை ஒன்று இருந்தது. தரையிறங்கியவுடன் எஞ்சின் எண்ணெயைச் சூடு ஆறுவதற்குள் டப்பாவில் வடித்துக்கொள்வர். மறுநாள் எஞ்சினைக் கனத்த துணியால் கூடாரம்போல் மூடி, அதனடியில் எரியும் ஸ்டவ் ஒன்றை வைத்து, தீயணைப்பானுடன் காவல் இருப்பர். பெட்ரோல் கசியும் இடத்துக்கு அடியில் தீச்சுடர்! இரண்டாம் உலகப் போரிலும் இதே காட்சி பெரிய அளவில் நிகழ்ந்தது. 1941இன் குளிர்காலத்தில் ரஷ்ய மண்ணில் ஜெர்மன் படையினர் தாங்கிகளின் அடியில் தீ மூட்டினர். பின்னர் தாங்கிகளின் குளிர்விப்பு நீரை ஊதுவிளக்கால் சூடாக்கும் அமைப்பைச் சேர்த்தனர். சோவியத் தாங்கிகளில், பேட்டரி கைவிட்டால் உதவுவதற்கென அழுத்திய காற்று நிரம்பிய உருளைகள் இருந்தன.

எஞ்சினைச் சூடாக்க வேண்டும் என்னும் அறிவுக்கு எங்கும் பஞ்சமில்லை என்பதை இவை காட்டுகின்றன. மின்சாரத்தால் ஒரு பொருளைச் சூடாக்கும் முறையும் 1930களில் புதியதன்று. மின் இஸ்திரிப் பெட்டி நகரங்களில் பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருந்தது. எஞ்சினைச் சூடாக்க முயன்ற வேறு கருவிகளும் முன்பே தோன்றியிருந்தன. அறிவும் இருந்தது, பொருளும் இருந்தது. இல்லாதது பண்ணைக் கொட்டகையில் ஒரு பிளக் பாயிண்ட்.

1930களின் நடுவில் அமெரிக்க நகர வீடுகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பதுக்கு மின்சாரம் இருந்தது. பண்ணைகளிலோ ஏறத்தாழப் பத்தில் ஒன்றுக்கு மட்டுமே. தனியார் மின் நிறுவனங்களின் வாதம் எளிமையானது: மைல்கணக்கில் கம்பி இழுத்தால் இரண்டு மூன்று வீடுகளே கிடைக்கும், அவ்வீடுகள் எரிக்கப்போவது சில விளக்குகளை மட்டுமே, போட்ட முதல் திரும்பாது. 1935 மே 11 அன்று அதிபர் ரூஸ்வெல்ட்டின் ஆணையால் ஊரக மின்மயமாக்கல் நிர்வாகம் உருவானது. மறுஆண்டுச் சட்டம் அதற்கு நிலையான அடித்தளம் தந்தது. அரசு நேரடியாகக் கம்பி இழுக்கவில்லை; குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன் கொடுத்தது. அக்கடனைப் பெரும்பாலும் பெற்றவை உழவர்களே உறுப்பினர்களாகச் சேர்ந்து அமைத்த கூட்டுறவுச் சங்கங்கள்.

இந்தப் பின்னணியில்தான் ஆண்ட்ரூ ஃபிரீமனின் பெயர் வருகிறது. வடக்கு டகோட்டாவின் அப்ஹம் என்னும் ஊரில் 1909இல் பிறந்த அவர், கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரை மையமாகக் கொண்டு 1940இல் தொடங்கப்பட்ட மின்கோட்டா மின் கூட்டுறவின் மேலாளராக நெடுங்காலம் பணியாற்றினார். அவர் செய்த முதல் மாதிரி, பழைய செம்புக் குழாய்த் துண்டாலும் ஓர் இஸ்திரிப் பெட்டியின் சூடேற்றும் எலிமெண்டாலும் ஆனது. எஞ்சினின் மேல்மூடியை உடலோடு இறுக்கும் போல்ட்களில் ஒன்றைக் கழற்றிவிட்டு, அதே அளவில், உள்ளே மின்சுருள் பொதிந்த ஒரு போல்ட்டைப் பொருத்துவதே அவருடைய வழி. போல்ட்டில் பிறக்கும் சூடு இரும்பின் வழியே பரவி, சுற்றியுள்ள நீரை எட்டும். இதற்கு எஞ்சினில் புதிய துளை எதுவும் வேண்டாம்; தொழிற்சாலையின் ஒப்புதலும் வேண்டாம். உழவர் தம் கையிலுள்ள ஸ்பானரால் தாமே மாட்டிக்கொள்ளலாம். 1949 நவம்பர் 8 அன்று இதற்கு அமெரிக்கக் காப்புரிமை வழங்கப்பட்டது. ஃபைவ் ஸ்டார் என்னும் நிறுவனம் இதை உற்பத்தி செய்தது.

இதை ஒரு தனிமனிதரின் சாமர்த்தியமாகவும் படிக்கலாம். சாமர்த்தியம் அதில் உண்டு. ஆயினும் அவர் எங்கே அமர்ந்திருந்தார் என்பதைக் கவனிப்பது பயன்தரும். கார் தொழிற்சாலைகள் இருந்த டெட்ராய்ட்டின் பார்வையில் எஞ்சின் என்பது விற்கப்படும் பொருள். அது காலை ஐந்து மணிக்குக் கொட்டகையில் கிளம்புகிறதா என்பது வாங்கியவரின் கவலை. மின் கூட்டுறவின் மேலாளருக்கோ இரண்டு பக்கமும் தெரிந்திருந்தது. உறுப்பினர்களின் வண்டி கிளம்பாத காலையை அவர் அறிவார். இழுத்த கம்பிக்கான கடனை அடைக்க வேண்டுமானால் அக்கம்பியில் மின்சாரம் ஓட வேண்டும் என்பதையும் அறிவார். வானொலியும் விளக்கும் அணைந்த பிறகு, ஊர் உறங்கும் இரவில் சில நூறு வாட் மின்சாரத்தைத் தொடர்ந்து எடுத்துக்கொள்ளும் கருவி கூட்டுறவுக்கும் நன்மை, உழவருக்கும் நன்மை. பண்ணைகள் மின்சாரத்தைப் பயன்படுத்தமாட்டா என்று தனியார் நிறுவனங்கள் சொன்ன வாதத்துக்கு, கொட்டகையில் மாட்டிய அந்தப் போல்ட் ஓர் அமைதியான மறுமொழி.

கருவி பிறகு மாறியது. எஞ்சின் வார்ப்பில் மணல் அச்சை வெளியேற்றுவதற்காக விடப்படும் துளைகளைத் தகட்டு மூடிகளால் அடைத்திருப்பர். அவற்றுள் ஒன்றை நீக்கி, சூடேற்றும் எலிமெண்டைக் குளிர்விப்பு நீருக்குள்ளேயே இறக்கும் முறை பரவியது. சூடான நீர் லேசாகி மேலேறும், குளிர்ந்த நீர் கீழிறங்கும். பம்ப் இல்லாமலே எஞ்சின் முழுவதும் சூடு சுற்றிவரும். மாடல் டி காரின் ரேடியேட்டரில் நீர் சுழன்றதும் இதே இயற்பியலால்தான். அங்கே சூட்டை வெளியேற்றப் பயன்பட்ட விதி இங்கே சூட்டை உட்செலுத்தப் பயன்பட்டது.

கருவி மாறிய பின்னும் பெயர் மாறவில்லை. போல்ட்டை முற்றிலும் கைவிட்டுவிட்ட கருவியையும் வடக்கு டகோட்டாவிலும் அலாஸ்காவிலும் மக்கள் ‘ஹெட்போல்ட் ஹீட்டர்’ என்றே வழங்கிவந்தனர். கனடாவில் ‘பிளாக் ஹீட்டர்’ என்னும் பெயர் நிலைபெற்றது. பொருள் போன பின்பும் சொல் தங்குவது தமிழுக்குப் புதியதன்று. எள்ளின் நெய் ‘எண்ணெய்’ ஆயிற்று. பின்னர் தேங்காயிலிருந்து எடுப்பதும் எண்ணெய், நிலத்தடியிலிருந்து வருவது மண்ணெண்ணெய், எஞ்சினில் ஊற்றுவதும் எண்ணெய். அச்சொல்லில் எள் ஒளிந்திருப்பதுபோல், ‘ஹெட்போல்ட் ஹீட்டர்’ என்னும் சொல்லில் 1940களின் அந்தச் செம்புக் குழாய் ஒளிந்திருக்கிறது. எந்த நிலத்தில் முதல் வடிவம் புழங்கியதோ அந்த நிலத்தில் பழைய பெயர் தங்கியது. ஆவணக் காப்பகத்துக்குப் போகாத வரலாறு பேச்சு வழக்கில் பாதுகாக்கப்பட்டதற்கு இது நல்ல சான்று.

காப்புரிமை வழங்கப்பட்ட அதே 1949இல், எல்லைக்கு வடக்கே கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில் டாமி டக்ளஸ் தலைமையிலான அரசு தன் ஊரக மின்மயமாக்கல் சட்டத்தை நிறைவேற்றியது. அங்கும் வரிசை இதுவே: முதலில் கம்பி, அதன் முனையில் ஹீட்டர். பிறகு கருவி கொட்டகையை விட்டு வெளியே வந்தது. பண்ணையில் இரவெல்லாம் சூடாக இருந்த வண்டி நகரத்து அலுவலக வாசலில் எட்டு மணி நேரம் நின்றால் மாலையில் மீண்டும் கிளம்பாது. எனவே அலுவலகங்களும் பல்கலைக்கழகங்களும் அடுக்ககங்களும் தங்கள் வாகன நிறுத்தங்களில் வரிசை வரிசையாக மின்முனைகள் அமைத்தன. முன்பக்கத்திலிருந்து ஒரு பிளக் தொங்கும் கார் அப்பகுதிகளில் அன்றாடக் காட்சியாயிற்று. ‘காரைப் பிளக்கில் போட்டாயா?’ என்னும் கேள்வி அங்கே மின்சாரக் காரின் காலத்துக்கு முன்பே குளிர்காலப் பேச்சில் இயல்பாக இருந்தது. பின்லாந்தில் இதற்கென ‘லம்மிதுஸ்தொல்ப்பா’ என்றே ஒரு சொல் உண்டு. சூடேற்றும் கம்பம் என்பது அதன் நேர்ப்பொருள். அக்கம்பங்களில் பெரும்பாலும் கடிகார விசை இருக்கும். இரவு முழுவதும் சூடாக்கத் தேவையில்லை, கிளம்புவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு போதும், அதற்கு மேல் ஓடுவது வீண் என்னும் அனுபவ அறிவை அந்தக் கடிகாரம் நடைமுறையாக்கியது.

இதற்கு இன்னொரு காரணமும் பின்னர் சேர்ந்தது. வண்டிப் புகையைத் தூய்மைப்படுத்தும் வினையூக்கிக் கலன் நன்றாகச் சூடேறும்வரை வேலை செய்யாது. குளிர்ந்த எஞ்சினின் முதல் சில நிமிடங்களே மிக அழுக்கானவை. மலைகள் சூழ்ந்து, குளிர்காலத்தில் காற்று அசையாமல் தேங்கும் ஃபேர்பேங்க்ஸில் கார்பன் மோனாக்சைடு பெருஞ்சிக்கலாயிற்று. பெரிய வாகன நிறுத்தங்கள் குளிர் நாட்களில் மின்முனைகளுக்கு மின்சாரம் தர வேண்டும் என்று அங்கு உள்ளாட்சி விதி வகுக்கப்பட்டது. தனியாள் வசதிக்காகப் பிறந்த கருவி இவ்வாறு பொதுச் சுகாதாரத்தின் உறுப்பாயிற்று.

இந்தியாவில் இக்கேள்வி உயிரோடு இருக்கும் நிலம் லடாக். லே நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கு குளிரோடு காற்றின் மென்மையும் சேர்கிறது. காற்றழுத்தம் கடற்கரை ஊர்களின் அளவில் மூன்றில் இரண்டு பங்குதான். அழுத்துவதற்குக் காற்றே குறைவாக இருக்கும்போது டீசல் எஞ்சினில் பிறக்கும் சூடும் குறைகிறது. சமவெளியான வடக்கு டகோட்டா இந்த இரண்டாம் சுமையை அறியாது. லடாக்கின் குளிர்காலக் காலைகளில் லாரியின் டீசல் தொட்டிக்கும் எஞ்சினுக்கும் அடியில் ஸ்டவ்வையோ எண்ணெயில் நனைத்த துணியையோ கொளுத்தி வைப்பது ஓட்டுநர்களின் பழக்கம். அலாஸ்கா விமானிகளின் கூடாரத்துக்கடியில் எரிந்த அதே சுடர் இது. ஓட்டுநர்களின் அறியாமையால் அது எரியவில்லை. விமானிகள் அறிந்திருந்ததை இவர்களும் அறிவார்கள். விமானிகளிடம் இல்லாத பிளக் பாயிண்ட் இவர்களிடமும் இல்லை.

2019ஆம் ஆண்டு இவ்வகையில் லடாக்கின் 1949 என்று சொல்லத்தக்கது. அவ்வாண்டு பிப்ரவரி 3 அன்று, ஸ்ரீநகரிலிருந்து திராஸ், கார்கில் வழியாக லேவரை ஏறத்தாழ 335 கிலோமீட்டர் நீளும் 220 கிலோவோல்ட் மின்தொடர் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதுவரை லடாக் தேசிய மின்வலையமைப்பிலிருந்து துண்டிக்கப்பட்டே இருந்தது. நீர்மின் நிலையங்களையும் டீசல் ஜெனரேட்டர்களையும் அது நம்பியிருந்தது. குளிர்காலத்தில் ஆற்றுநீர் உறைந்து வரத்துக் குறையும்போது நீர்மின்சாரமும் குறையும். அதாவது எஞ்சினுக்குச் சூடு மிகத் தேவைப்படும் மாதங்களில்தான் மின்சாரம் மிக அருகியிருக்கும். ஜெனரேட்டரை ஓட்டி ஹீட்டரைப் பயன்படுத்தலாம் என்றால், ஒரு டீசல் எஞ்சினைச் சூடாக்க இன்னொரு டீசல் எஞ்சினை முதலில் கிளப்ப வேண்டும்.

அதே ஆண்டு நவம்பரில் இந்தியன் ஆயில் நிறுவனம் லடாக்குக்கென, பானிப்பட்டு சுத்திகரிப்பு ஆலையில் உருவான குளிர்கால டீசலை அறிமுகப்படுத்தியது. உறைநிலைக்குக் கீழே 33 டிகிரிவரை அது இறுகாமல் ஓடும். இது பெரிய முன்னேற்றம். தொட்டிக்கு அடியில் தீ மூட்ட வேண்டிய தேவையை அது குறைக்கிறது. ஆயினும் எஞ்சினைத் தாக்கும் மூன்று தடைகளில் அது தீர்ப்பது எரிபொருளின் இறுக்கத்தை மட்டுமே. கெட்டிப்பட்ட எண்ணெய்க்கும், தளர்ந்த பேட்டரிக்கும், சூட்டை உறிஞ்சும் இரும்புக்கும் எரிபொருளால் விடை தர முடியாது. 1927இல் பிரெஸ்டோன் செய்தது என்னவோ அதுவே 2019இல் குளிர்கால டீசல் செய்வது: உறைதலைத் தடுத்தது, கிளம்புதலை உறுதிசெய்யவில்லை. அமெரிக்கப் புல்வெளியில் அந்த இடைவெளி மூடுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேலாயின. அவற்றில் பெரும்பகுதி கம்பி வந்து சேர்வதற்கான காத்திருப்பு.

இப்போது லடாக்கில் கம்பி வந்துவிட்டது. ஆனால் பெருந்தொடர் நகரத்துக்கு வருவது ஒன்று. லாரிகள் இரவில் நிற்கும் திடல்களிலும் சாலையோரத் தங்குமிடங்களிலும் பிளக் பாயிண்ட் அமைவது வேறு. முன்னது திறப்பு விழா காண்பது. பின்னதற்கு விழா இல்லை, உள்ளாட்சிக் கூட்டத்தில் ஒரு தீர்மானமும் சில கம்பங்களும்தான் வேண்டும். வடக்கு டகோட்டாவிலும் சஸ்காச்சுவானிலும் பின்லாந்திலும் குளிர்காலத்தை மாற்றியது இந்தச் சிறிய இரண்டாம் கட்டமே. அதன் பலன் இன்று எதிர்பாராத திசையில் நீள்கிறது: எஞ்சினைச் சூடாக்க நட்ட கம்பங்களை மின்சாரக் கார்களுக்கு மின்னூட்டப் பயன்படுத்தும் முயற்சிகள் குளிர் நாடுகளில் நடைபெறுகின்றன. சூடாக்க எஞ்சினே இல்லாத காருக்கும் அக்கம்பம் பயன்படுகிறது. ஃபிரீமனின் போல்ட் அருங்காட்சியகப் பொருளாகிவிட்டது. அதை மாட்டுவதற்காக இழுத்த கம்பி இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது.